ஐம்பத்தெட்டாவது செக்கனில் நின்ற மணிக்கூடு

நிர்மலன் என்னைப் பற்றி எழுதியது பொய். எல்லாமே பொய் என்று சொன்னால் அவர் சுலபமாகத் தப்பிவிடுவார். ஐஸ்கிறீம் பெட்டி உண்மை, கணவாய்க்கறி உண்மை, பனியும் உண்மை. இந்த மூன்றையும் வைத்து அவர் கட்டிய கதைதான் பொய்.

எங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டு மலரை வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒஸ்லோவில் வேலை செய்து ஓய்வுபெற்ற தமிழர்களைப் பற்றி மலராசிரியர் நிர்மலன் எழுதிய பகுதியில் எனக்கு ஒன்றரைப் பக்கம். மரியதாஸ் என்ற நான் ஒரு வாடிக்கையாளரின் விலையுயர்ந்த கைமணிக்கூட்டை ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேனாம். கறிப்பெட்டிகளுக்குள் அதைத் தொலைத்தேனாம். "நோர்வேஜியத் தலைமை அதிகாரியின் பெருந்தன்மையால் வேலை தப்பினார்" என்று முடித்திருக்கிறார். மிச்ச இடத்தில் நான் பற்றறி மாற்றுகிற படம்.

மலர் வந்த பிறகு பூசை முடிந்து வெளியே வந்தால், "தாஸ் அண்ணை, இண்டைக்கு என்ன கறி, மணிக்கூட்டுப் பிரட்டலோ?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தப் பகிடியை நான் அது நடந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். என்னைச் சுட்டது "பெருந்தன்மை" என்ற ஒரு சொல். இருபத்தாறு வருசம் ஒரு மேசையில் குனிந்திருந்து வேலை செய்தவனுக்கு, அந்த மேசை பிச்சையாகக் கிடைத்தது என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். வெட்டாமல் போடுவதாகச் சங்கச் செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நிர்மலன் அம்மருட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மணித்தியாலம் இருந்தார். மேசையில் கைத்தொலைபேசியை வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தார். நான் அலுமாரியிலிருந்து என்னுடைய பழைய குரோனோகிராப் ஒன்றை எடுத்து, அவருக்காகவே பின்மூடியைக் கழற்றினேன். குரோனோகிராப் என்றால் நேரமும் காட்டும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஓட்டப்பந்தயத்துக்கு நேரமும் பிடிக்கும். பூதக்கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டிவிட்டேன். மாட்டிய கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தார்.

"மற்றக் கண்ணை மூடும் தம்பி."

"ஓமண்ணை, இப்ப தெரியுது. வடிவாய்த்தான் கிடக்கு. ஆனா உது போனிலையும் இருக்குத்தானே?"

"போனிலை கலியாண வீடும் பாக்கலாம். பிறகேன் மண்டபத்துக்குப் போறனீர்?"

சிரித்தார். சிரித்ததோடு விட்டுவிட்டார் என்று இப்போதுதான் விளங்குகிறது. அன்றைக்கு அவருக்குக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறிய சக்கரம் ஒரு படி திரும்பும். அதன் மேலே ஆறு தூண்கள் நிற்கின்றன. அவ்வளவு நேரமும் ஒரு தூணில் சாய்ந்திருந்த நெம்புகோலின் மூக்கு, இரண்டு தூண்களுக்கு இடையில் விழும். அதோடு, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து போய், சும்மா நிற்கிற இன்னொரு சக்கரத்தோடு பல்லுக்குப் பல் சேரும். ஓடுகிற பஸ்ஸில் ஒரு மனிதன் ஏறுகிறமாதிரி. ஏறும்போது பஸ் குலுங்கக்கூடாது, ஏறியவன் தடுமாறக்கூடாது. பல் கொஞ்சம் ஆழமாகப் போனால் மணிக்கூடே இறுகி நின்றுவிடும். கொஞ்சம் மேலோட்டமாக நின்றால் செக்கன் முள் துள்ளும். அந்த ஆழத்தை வைப்பது ஒரு திருகாணி. அதைத் திருப்புவது ஒரு மனிதனின் கை. இவ்வளவு திருப்பு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பார்த்து, கேட்டு, மறுபடி பார்த்துத்தான் வைக்கவேண்டும்.

இனி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிற பொத்தான். உள்ளே இருதய வடிவத்தில் ஒரு உருக்குத் துண்டு இருக்கிறது. ஒரு சுத்தியல் அதை அடிக்கும். எந்த இடத்தில் அடித்தாலும் அந்த இருதயம் வழுக்கிச் சுழன்று ஒரே ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும். முள் எங்கே இருந்தாலும் பூச்சியம். செக்கனுக்கு ஒரு இருதயம், நிமிடத்துக்கு ஒரு இருதயம், இரண்டுக்கும் ஒரே சுத்தியல். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் அடிக்கவேண்டும். அதற்காகச் சுத்தியலின் முகத்தை ஒருவர் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துகிறார். ஒரு தேய் கூடினால் அந்தச் சுத்தியல் குப்பைக்கு.

அந்தச் சுத்தியலின் மேல்பக்கத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் சரித்தால் கண்ணாடிமாதிரி மினுங்கும், மற்றப் பக்கம் சரித்தால் கரிக்கறுப்பு. வெள்ளீயத் தட்டில் வைத்து விரலால் தேய்த்தால்தான் அந்தக் கறுப்பு வரும். ஒரு துணிக்கை தூசி விழுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த மணிக்கூட்டின் பின்மூடி கெட்டி உருக்கு. வாங்கியவர் செத்துப்போகும்வரை அதைப் பார்க்கமாட்டார். பத்து வருசத்துக்கு ஒருக்கால் அதைத் திறக்கிற என்னைப் போன்ற ஒருவன்தான் பார்ப்பான். முகம் தெரியாத ஒருவர், முகம் தெரியாத எனக்காக அதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு நான் என் வேலையில் ஏமாற்ற முடியுமா? பணக்காரரின் பகட்டு என்று நிர்மலன் எழுதியிருக்கிறார். கட்டுபவர் பகட்டுக்குக் கட்டலாம். செய்தவர் பகட்டுக்குச் செய்யவில்லை.

நான் தீவுப்பகுதி ஆள். நோர்வேக்கு வந்து முதல் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றேன். அங்கே கத்தி பிடித்த கை, பிறகு மணிக்கூட்டுப் பாடசாலையில் நுண்ணிய துண்டுகளை எடுக்கிற சாமணம் பிடித்தது. வயது முப்பத்துமூன்று, வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபதுக்குள். படித்து முடித்தேன். படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒஸ்லோ நடுவில் ஒரு பழைய மணிக்கூட்டுக் கடை. பெயர் தேவையில்லை. அதன் மேல்மாடியில் திருத்தும் பட்டறை. அங்கே ஆறு மாதப் பரீட்சார்த்தக் காலத்துக்கு என்னை எடுத்தார்கள். ஆறு மாதம் முடிய, வைத்திருப்பதா அனுப்புவதா என்று சொல்வார்கள். கடைக்காரருக்கு என்னில் விருப்பமில்லை. என் நோர்வேஜிய மொழி வடக்கத்து மீன்காரர் பேச்சு. அந்தக் கடையில் மணிக்கூடு வாங்க வருகிற சீமாட்டிகளுக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வந்தது. என் மனைவி றீற்றாவுக்கு அப்போது வேலையில்லை, பிள்ளைகள் மூன்று. அந்த வேலை போனால் நான் மறுபடி வடக்கே மீன் வெட்டப் போகவேண்டும்.

பட்டறைத் தலைவி ஊன்னி. ஐம்பது வயதைத் தாண்டியவர், கட்டையாக வெட்டிய நரைமுடி, எந்நாளும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் மேசையில் இரண்டு தட்டுகள். திருத்திய மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் காதில் வைப்பார். பிறகுதான் அளக்கும் கருவியில் வைப்பார். பிறகு பின்மூடியைத் திறந்து பார்ப்பார். நல்லதென்றால் இடப்பக்கத் தட்டு. இல்லையென்றால் வலப்பக்கத் தட்டு. வாய் திறக்கமாட்டார். என்ன பிழை என்று கேட்டால், "நீ பார்" என்பார். முதல் மாதம் முழுக்க என்னுடையவை வலப்பக்கம். ஒரு திருகாணியின் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல் ஒன்றுக்காக ஒரு மணிக்கூட்டை நான்கு தரம் வலப்பக்கம் வைத்தார். கடைசியில் அந்தக் கீறலை நானே கண்டுபிடித்து, திருகாணியைப் புதிதாக மினுக்கிப் போட்டேன். அப்போதுதான் இடப்பக்கம் போனது.

சுவரில் அவர் கையால் வரைந்த படம் தொங்கியது. குரோனோகிராப்பின் உள்பொறி, ஒரு மீற்றர் அகலத்தில். எங்கே எந்த எண்ணெய், எங்கே கிரீஸ், எங்கே ஒன்றும் போடக்கூடாது என்று நிறநிறமாக முப்பத்தொன்பது புள்ளிகள். பட்டறையில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எண்ணெய் இட்டார்கள். அந்தப் படம் தொங்கத் தொடங்கிப் பதினொரு வருசம். ஒருவரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

என் ஆறு மாதம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ரொல்ஃப் வந்தார். கப்பலில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற கிழவர். குரோருட் பக்கத்தில் பிள்ளைகளின் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கு நேரம் பிடிப்பவர். அவரிடம் இருந்தது சுவிஸில் செய்த அருமையான குரோனோகிராப். போட்டி நடக்கும்போது அது நின்றுவிடுகிறது. கடைக்குக் கொண்டுவந்தால் ஓடுகிறது. எங்கள் பட்டறை இரண்டு தரம் முழுக்கக் கழற்றிக் கழுவிப் பூட்டிக் கொடுத்திருந்தது. மூன்றாம் தரம் வந்தவர் முகப்பு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு சின்னப் பெண் முதலாவதாக வந்தாள். அவளுக்கு நேரம் இல்லை. நான் எல்லார் முன்னாலும் வெட்கப்பட்டேன். இந்தத் தரமும் சரிவராவிட்டால் தொழிற்சாலைக்கு அனுப்பி உள்பொறி முழுவதையும் மாற்றுங்கள்."

என்னையும் கூட்டிக்கொண்டு கீழே வந்திருந்த ஊன்னி, மணிக்கூட்டை என்னிடம் நீட்டிவிட்டு மேலே போனார். பின்னால் ஒருவன் மெல்லச் சிரித்தான். போகப்போகிறவனிடம் போகாத மணிக்கூடு. நான் அதை வாங்கிப் பார்த்தேன். தோல்பட்டியில் நுனியில் இருக்கிற கடைசி ஓட்டைதான் இழுபட்டு முட்டைவடிவமாகியிருந்தது. ரொல்ஃபின் கையோ மெலிந்த கை.

"இதை எங்கே கட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஜக்கெற்றுக்கு மேலே. கையுறையோடு சட்டைக் கையை இழுத்து இழுத்துப் பார்க்க முடியுமா?"

அவ்வளவு காலமும் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. சாதாரணமாக மணிக்கூடு உடம்புச் சூட்டில் சட்டைக்குள் இருக்கும். இவருடையது மைனஸ் பதினைந்தில் வெறும் காற்றில்.

மேலே போய் ஊன்னியிடம் சொன்னேன், "குளிர்."

"குளிரில் எண்ணெய் தடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே தடிக்கிறது? அதைச் சொல்லாவிட்டால் நீ ஒன்றும் சொல்லவில்லை."

வெள்ளிக்கிழமை அது. சனி ஞாயிறு பட்டறை பூட்டு, எச்சரிக்கை மணி போட்டிருக்கும். என் வீட்டுப் பல்கனியில் வைத்துப் பார்க்கக் கேட்டேன். ஊன்னி ஒரு தாளில் மணிக்கூட்டின் இலக்கம், நான் கொண்டுபோகும் காரணம், திருப்பிக் கொடுக்கும் நாள் எல்லாம் எழுதினார். அவரும் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். "ஒருவருக்கும் தெரியாமல்" என்று எழுதிய நிர்மலன் அவர்களே, அந்தத் தாளின் பிரதியை நான் உங்கள் கையில் தந்தேன். நீங்கள் அதைப் படமும் எடுத்தீர்கள்.

இனி ஐஸ்கிறீம் பெட்டி. பனி கொட்டுகிற மாரிகாலத்தில் எங்கள் ஆட்களின் பல்கனி என்றால் இரண்டாவது குளிர்பெட்டி. அந்த ஞாயிறு ரொம்மனில் ஒரு மண்டபத்தில் தை மாதத்தில் வருகிற வனத்து அந்தோனியார் பெருநாள் சாப்பாடு. றீற்றா வெள்ளிக்கிழமை தொடக்கம் சமைத்து, முடிந்த ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு, பல்கனியில் அடுக்கியிருந்தாள். கணவாய், ஆட்டிறைச்சி, கட்லட்டுக்குப் பிசைந்த மீன். நானும் ஒரு வெறும் ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவித் துடைத்து, துவாயில் சுற்றி மணிக்கூட்டை அதற்குள் வைத்தேன். ஈரம் படாமலிருக்க அதைவிட நல்ல பெட்டி வீட்டில் இல்லை. பிழை எங்கே விட்டேன் என்றால், றீற்றா தன் பெட்டிகளில் எல்லாம் கறியின் பெயரை ஒட்டியிருந்தாள். நான் ஒன்றும் ஒட்டவில்லை.

சனி முழுக்கச் சோதித்தேன். எங்கள் பல்கனி கண்ணாடி அடைத்தது, மைனஸ் ஆறுக்குக் கீழே போகவில்லை. குரோனோகிராப்பை ஓடவிட்டு வைப்பேன். எடுத்துப் பார்த்தால் நேரம் பின்தங்கியிருக்கும். ஆனால் பெட்டியைத் தூக்கிய அசைவிலேயே மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். எங்கேயோ நிற்கிறது என்று தெரிகிறது. எங்கே என்று பிடிக்க முடியவில்லை.

ஞாயிறு காலமை மறுபடி ஓடவிட்டு வைத்துவிட்டு முகம் வழிக்கப் போனேன். வந்து பார்த்தால் பல்கனி வெறுமை.

"றீற்றா! பெட்டியள் எங்கை?"

"ஜெறோம் வந்து ஏத்திக்கொண்டு போட்டான். ஏன் கத்துறியள்?"

"எல்லாத்தையுமோ?"

"பின்னை பாதியையோ குடுக்கிறது?"

ஜெறோம் அவளுடைய தம்பி. காரில் போய்க்கொண்டிருப்பவனைப் பிடிக்க அப்போது எங்களிடம் கைத்தொலைபேசி இல்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிலக்கீழ் ரயிலுக்கு ஓடினேன். அம்மருட்டிலிருந்து ரொம்மன் மூன்றாவது தரிப்பு. ஆனால் ஞாயிறு காலமை ரயில் ஆடி அசைந்துதான் வரும். அதற்காகக் காத்து நின்ற நேரத்தில் நான் என் வேலையை மனதுக்குள் இழந்து முடித்துவிட்டேன். கிழவரிடம் என்ன சொல்வது? ஊன்னியிடம் என்ன சொல்வது? உங்கள் மணிக்கூடு கணவாயோடு அடுப்பில் ஏறிவிட்டது என்றா?

மண்டபத்துக்குள் குளிர்பெட்டி நிரம்பியிருந்ததால் ஜெறோம் பெட்டிகளைப் பின்கதவுப் படியில், பனிக்கு மேலே அடுக்கி வைத்திருந்தான். நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். சமையல் செய்துகொண்டிருந்த பெண்கள் கதவால் எட்டிப் பார்த்தார்கள்.

"தாஸ் அண்ணைக்குப் பசி தாங்கேலாமல் போட்டுது."

"அண்ணை, கணவாய் மற்றப் பக்கம்!"

ஆறாவது பெட்டி. துவாயை விரித்தேன். ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினாள், "றீற்றாக்கா மணிக்கூட்டுக் கறியும் வைச்சு அனுப்பியிருக்கிறா!" உள்ளே சிரிப்பு வெடித்தது.

நான் சிரிக்கவில்லை. மணிக்கூடு நின்றிருந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. பெட்டி அங்கே வந்து அரை மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. என் பல்கனியில் நான் ஆட்டிய ஆட்டத்துக்கு ஓடிய மணிக்கூடு, இங்கே அந்தக் குளிரில் நான் துவாயை விரித்தும் அசையவில்லை. குரோனோகிராப் முள் ஐம்பத்தெட்டாவது செக்கனில் நின்றது. நான் அதைத் தொடவில்லை. பனியில் முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு கையில் எடுத்துப் பொத்திச் சூடாக்கினேன். ஓடியது. மறுபடி பனியில் வைத்தேன். அரை மணித்தியாலத்தில் நின்றது. ஐம்பத்தெட்டு. மறுபடி சூடாக்கி மறுபடி வைத்தேன். ஐம்பத்தெட்டு.

ஜெறோம் வந்தான். "அத்தான், உள்ளை வாங்கோ. காது ரெண்டும் கழண்டு விழப்போகுது."

"போ மச்சான், போய்ச் சாப்பிடு."

"எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்சுது. உங்களுக்கு விசர் எண்டு அக்கா அழுறா."

"அவவிட்டைச் சொல்லு, கண்டுபிடிச்சிட்டன் எண்டு."

ஏன் ஐம்பத்தெட்டு? செக்கன் முள் ஒரு சுற்றை முடிக்கும்போது நிமிடக்கணக்கு முள் ஒரு படி தாவவேண்டும். ஐம்பத்தெட்டாவது செக்கனளவில்தான் உள்ளே ஒரு சிறிய விரல் நிமிடச் சக்கரத்தைத் தள்ளத் தொடங்கும். அந்தச் சக்கரத்தை அசையாமல் பிடித்திருப்பது தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு வில்லின் மூக்கு. அந்த மூக்கில் கிரீஸ் இருந்தது. சூட்டில் அது வழுக்கும். கடுங்குளிரில் பசை. மூக்கு விலக மறுக்க, முழு மணிக்கூடும் நின்றுவிடுகிறது. அந்தக் கிரீஸை இட்டவர்கள் நாங்கள். ஒவ்வொரு தரமும் சுத்தமாகக் கழுவி, ஒவ்வொரு தரமும் சுவரைப் பார்த்து மறுபடி இட்டோம். ஊன்னியின் படத்தில் முப்பத்தோராவது புள்ளி.

திங்கள் காலமை முதலில் பெட்டி போன கதையைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஊன்னி கேட்டது ஒரு கேள்விதான்.

"பெட்டியில் ஏன் பெயர் ஒட்டவில்லை?"

"பிழைதான்."

"எழுதித் தா. கோப்பில் போடவேண்டும்." எழுதிக் கொடுத்தேன். பிறகு கேட்டார், "எங்கே தடிக்கிறது?"

எழுந்து போய் முப்பத்தோராவது புள்ளியில் விரலை வைத்தேன். அது அவர் கையால் போட்ட புள்ளி.

அவர் கோபிக்கவில்லை, பாராட்டவுமில்லை. "காட்டு" என்றார். கண்ணாடி மூடி போட்ட ஒரு தகரப் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்தோம். உள்ளிருந்து பூதக்கண்ணாடியால் பார்த்தோம். கிரீஸோடு வைத்தோம், ஐம்பத்தெட்டில் நின்றது. நான் அந்த மூக்கைக் கழுவி, குளிரில் தடிக்காத மெல்லிய எண்ணெய் ஒரு ஊசிமுனையளவு இட்டேன். பகல் முழுக்க ஓடியது. போதும் என்று நினைத்தேன். "மறுபடி கிரீஸ் போடு" என்றார் ஊன்னி. போட்டேன், நின்றது. கழுவினேன், ஓடியது. நான்கு நாள் இப்படி. நான்காம் நாள் மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு இடப்பக்கத் தட்டில் வைத்தார்.

பிறகு கீழே போய்க் கடைக்காரரை மேலே கூட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்:

"பதினொரு வருசமாக இந்தப் புள்ளி பிழை. போட்டது நான். கண்டுபிடித்தது இவன். மாரியில் நிற்கிறதென்று திரும்பி வந்த மணிக்கூடுகளின் சொந்தக்காரர் பெயர்களை எடுத்திருக்கிறேன், ஒன்பது. அந்த ஒன்பது பேருக்கும் என் பெயரில் கடிதம் போகும்."

சிவப்புப் பேனாவால் தன் புள்ளியை வெட்டினார். பக்கத்தில் புதுப் புள்ளி போட்டார். பேனாவை என்னிடம் தந்து, "உன் பெயர்" என்றார். ம. தா. என்று தமிழில் எழுதினேன். அது என்ன எழுத்து என்று கேட்கவுமில்லை.

கடைக்காரர் என் பேச்சைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். ஊன்னி திரும்பிப் பார்த்தார். "பேசுவதற்கு உங்களுக்குக் கீழே கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் திருத்த ஆள் வேண்டும். இவனை அனுப்பினால் அடுத்த பிழையை நீங்களே கண்டுபிடியுங்கள்." அடுத்த கிழமை எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது.

பெருந்தன்மை இதில் எங்கே இருக்கிறது, நிர்மலன்? அந்தப் பெண்மணி எனக்கு இரக்கப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. இரக்கப்பட்டிருந்தால் எனக்கு அவமானம். நான்கு நாள் என் வேலையைச் சோதித்தார், அது சரியாக இருந்தது, அதைச் சொன்னார். தன்னுடைய பிழையையும் அதே மூச்சில் சொன்னார். ரொல்ஃபிடமும் தானே நேரில் சொன்னார். கிழவர் அதன் பிறகு இரண்டு மாரி முடியத் திரும்பி வந்தார், சும்மா, மணிக்கூட்டைக் காட்ட. "நிற்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை. அந்த மணிக்கூட்டுக்குள் இன்றைக்கும் அதைச் செய்தவரின் உள்பொறிதான் ஓடுகிறது. இந்தக் காலத்தில் என்றால் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டுத் தந்திருப்பார்கள். அதைத் திருத்தம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

ஊன்னி ஓய்வுபெற்ற பிறகு பட்டறையைப் பதினான்கு வருசம் நான் நடத்தினேன். எத்தனை குரோனோகிராப் என் கையால் போயின என்று எண்ணவில்லை. திரும்பி வந்தவை எவை என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்றும் தெரியும்.

இது எல்லாம் நிர்மலனின் பதிவில் இருக்கிறது. போன மாதம் கோயில் வாசலில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, மனம் நொந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சனம் வாசிக்க ருசியாய் இருக்கவேணுமெண்டுதான். உந்த மூக்கு, வில்லு, கிரீஸ் எல்லாம் எங்கடை ஆக்கள் ஆர் வாசிக்கப்போயினம்?"

நான் மன்னிக்கவில்லை. ஊருக்கெல்லாம் அச்சடித்ததை எனக்கு மட்டும் காதுக்குள் திருத்த முடியாது.

நிர்மலன் அவர்களே, இங்கே எல்லாரும் வாசிக்கிறார்கள், இப்போது சொல்லுங்கள். "பெருந்தன்மை" என்ற சொல்லை நான் சொன்னேனா? சொன்னேன் என்றால் பதிவில் எந்த இடத்தில் என்று எழுதுங்கள். கையெழுத்திட்ட தாளைப் படமெடுத்த பிறகு எப்படி "ஒருவருக்கும் தெரியாமல்" என்று எழுதினீர்கள்? ஒரு தமிழன் தன் மூளையாலும் கையாலும் வேலையை வென்றான் என்பதைவிட, வெள்ளைக்காரி இரங்கினாள் என்பது உங்களுக்கு ஏன் ருசியாக இருந்தது? எங்கள் ஆட்கள் நுணுக்கத்தை வாசிக்கமாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? இந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு பக்கம் உங்களுக்காக வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசி எடுக்கவேண்டாம், வீட்டுக்கு வரவேண்டாம், வேறொருவரை அனுப்பவும் வேண்டாம். அந்தப் பக்கத்தில், உங்கள் முழுப்பெயரையும் போட்டுப் பதில் எழுதுங்கள்.